கரண்டு கம்மி, ஆம்ஸ் ஜாஸ்தி

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடத்தைத் தொடங்கும் நாளன்று எனக்கு ஒரு வாடிக்கை இருந்தது. "வூட்டுல ஃபேன் மெதுவா சுத்துனா அம்மா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்பேன். வகுப்பே ஒரே குரலில் கத்தும்: "கரண்டு கம்மி சார்!" அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி மேசையில் ஒரு தட்டுத் தட்டுவேன். "தப்பு. கரண்டுன்னா மின்னோட்டம். அத ஆம்பியர்ல அளக்கணும். ஃபேன் மெதுவா சுத்துறது வோல்டேஜ் கம்மியா இருக்கறதால. அது மின்னழுத்தம். அத வோல்ட்டுல அளக்கணும். இனிமே எவனாவது கரண்டு கம்மின்னு சொன்னா முட்டி போட வைப்பேன்."

யாரையும் முட்டி போட வைத்ததில்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போது எனக்குள் நல்ல கொழுப்பு இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஊரில் எல்லோரும், மின்கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர்கள் உட்பட, கரண்டு வந்துடுச்சு, கரண்டு போயிடுச்சு, கரண்டு கம்மி என்றுதான் பேசுகிறார்கள். அத்தனை பேரையும் திருத்துகிற பொறுப்பு, அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தும் என் தலையில் விழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கொழுப்பால் எனக்கு ஒரு கேடும் வரவில்லை. வந்தது என் அக்காவுக்கு.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது பெரம்பலூர்ப் பக்கம், செட்டிகுளத்துக்கு அருகில் ஓர் ஊர். அவர்கள் நிலத்தில் நின்றால் மலைக்கோயில் தெரியும். சின்ன வெங்காயம் போடுவார்கள், அது முடிந்தால் மக்காச்சோளம். அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் லாரி ஓட்டுகிறார். அரியலூரில் சிமெண்டு ஏற்றிக்கொண்டு கேரளா போனால் திரும்பி வர நாலைந்து நாள் ஆகும். அதனால் வெள்ளாமை முழுக்க அக்கா கையில் இருந்தது. எந்தப் பாத்திக்கு என்றைக்குத் தண்ணீர் கட்டுவது, களை எடுக்க யாரைக் கூப்பிடுவது, மருந்து எப்போது அடிப்பது, எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். போர் மோட்டாரைப் போடுகிற கொட்டகையின் சாவியைத் தாலிக் கயிற்றில் ஓர் ஊக்குப் போட்டு மாட்டியிருப்பாள். "நான் கட்டுன தாலியில எனக்கு எடமில்ல மாப்ள, மோட்டாரு சாவிக்குத்தான் எடம்" என்று மாமா என்னிடம் கிண்டலடிப்பார். அக்கா அதைக் காதில் வாங்காத மாதிரி இருப்பாள். ஆனால் அவளுக்கு அதில் பெருமைதான், எனக்குத் தெரியும்.

கொட்டகைச் சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது. அதன் முகத்தில் முள் வைத்த இரண்டு மீட்டர்கள். ஒன்று வோல்ட் காட்டும், இன்னொன்று ஆம்பியர் காட்டும். ஆம்பியரை அங்கே ஆம்ஸ் என்பார்கள். பெட்டிக்குள் ரிலே என்று ஒன்று உண்டு. மோட்டாருக்குள் அளவுக்கு மேல் ஆம்ஸ் போனால் அது தானாக இணைப்பைத் துண்டித்துவிடும், ரிலே விழுந்துவிட்டது என்பார்கள். எந்த அளவு வரைக்கும் விடலாம் என்பதை ஒரு சின்னத் திருகில் வைத்துக்கொள்ளலாம். மாமா அக்காவுக்கு இரண்டே விதிகளைச் சொல்லியிருந்தார். வோல்ட் முள் முந்நூற்று ஐம்பதுக்குக் கீழே நின்றால் மோட்டார் போடாதே. ரிலேயைத் தொடாதே. பல வருடங்களாக அக்கா அந்த இரண்டையும் மீறியதில்லை. மீற வைத்தது நான்.

அது வெங்காயம் காய் பருக்கிற சமயம். டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி அந்த ஊருக்கு மூன்று நாளாக மும்முனை மின்சாரம் இல்லை. நாலாம் நாள் காலை வந்தது, ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. மாமா பாலக்காட்டில் லோடு இறக்கக் காத்திருந்தார், போனை எடுக்கவில்லை. அக்கா எனக்கு அடித்தாள்.

நான் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சுற்றிலும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"தம்பி, பாத்தியெல்லாம் வெடிச்சுக் கெடக்குடா. இன்னைக்கும் தண்ணி உடலன்னா காய் திரளாது. முள்ளு முந்நூத்தி இருவதுலதான் நிக்கிது. மோட்டார் போடலாமா? நீ படிச்சவன், சொல்லு."

நீ படிச்சவன் என்று அவள் சொன்னதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு விடைத்தாளின் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டேன். "சாதாரணமா எவ்வளவு வோல்ட்டு, எவ்வளவு ஆம்ஸ் காட்டும்?" என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள்: "நானூறு இருக்கறப்ப ஒம்போது."

இது பத்தாம் வகுப்புக் கணக்கு. மின்தடை வேண்டுமென்றால் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். நானூறை ஒன்பதால் வகுத்தால் நாற்பத்து நாலு ஓமுக்குக் கொஞ்சம் மேலே வரும். மின்தடை மாறாது, கம்பி அதே கம்பிதானே. அப்படியானால் முந்நூற்று இருபது வோல்ட்டில் எவ்வளவு மின்னோட்டம் போகும்? முந்நூற்று இருபதை அந்த நாற்பத்து நாலு சொச்சத்தால் வகுத்தால் ஏழு புள்ளி இரண்டு. மின்திறனையும் போட்டுப் பார்த்தேன், வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது. நானூறும் ஒன்பதும் மூவாயிரத்து அறுநூறு வாட். முந்நூற்று இருபதும் ஏழு புள்ளி இரண்டும் இரண்டாயிரத்து முந்நூறு வாட். மோட்டாருக்குள் போகிற சுமையே குறைகிறது, பிறகு எப்படிச் சூடாகும்?

"தாராளமாப் போடு. வோல்ட்டு கம்மியானா ஆம்ஸும் கம்மியாத்தான் ஆவும். ஏழு ஏழரை காட்டும், பாரு. தண்ணி கொஞ்சம் மெதுவா வரும், அவ்வளவுதான்."

"மாமா முந்நூத்தம்பதுக்குக் கீழ போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காருடா."

"மாமா லாரிக்கு டிரைவரா மோட்டாருக்கு டிரைவரா? நான் கணக்குப் போட்டுச் சொல்றேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கால் மணி நேரம் கழித்து மறுபடி அடித்தாள். குரலில் பதற்றம். "ரெண்டு தடவ ரிலே உழுந்துடுச்சு தம்பி. ஆம்ஸ் பன்னெண்டு காட்டுது."

"பன்னெண்டா? இருக்காது."

"காட்டுதுடா. கரண்டு கம்மி, ஆம்ஸ் ஜாஸ்தி."

நான் என்ன செய்தேன் என்பதை இங்கே அப்படியே எழுதிவிட வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். "இன்னொரு தடவ சொல்லுக்கா" என்றேன். அவள் சொன்னாள்: "கரண்டு கம்மி, ஆம்ஸ் ஜாஸ்தி." அறையே சிரித்தது. வருடா வருடம் வகுப்பில் நான் அடிக்கிற நகைச்சுவை சொந்த அக்கா வாயிலிருந்தே வந்து விழுந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஏங்க்கா, கரண்டைத்தான் ஆம்ஸ்ல அளக்கறோம். ரெண்டும் ஒண்ணு. ஒரே பொருளு எப்படிக் கம்மியாவும் இருக்கும், ஜாஸ்தியாவும் இருக்கும்?" என்று கேட்டேன். அவளுக்கு அந்தச் சிரிப்பெல்லாம் கேட்டிருக்கும்.

அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. கரண்டு என்று அவள் சொன்னது கம்பியில் வருகிற மின்சாரத்தின் தெம்பை, அதாவது வோல்ட்டை. ஆம்ஸ் என்று சொன்னது ஆம்ஸைத்தான். வோல்ட் குறைந்திருக்கிறது, ஆம்பியர் கூடியிருக்கிறது. நான் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிட்டேன்.

அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "மீட்டருக்கு நேரா நின்னு பாத்தியா? சைடுல நின்னு பாத்தா முள்ளு தள்ளித் தெரியும். அதுக்குப் பேரு இடமாறு தோற்றப்பிழை" என்று பாடம் நடத்தினேன்.

"நேராத்தான் நின்னேன்னு நெனைக்கிறேன்" என்றாள். முதலில் இருந்த உறுதி அந்தக் குரலில் இல்லை.

"நீ தப்பாப் பாத்திருக்கே. ரிலேயும் பழசாயிருக்கும், அதான் சும்மாச் சும்மா உழுது. உள்ள ஒரு திருகு இருக்கும்ல, அத ஒரு சுத்து ஏத்தி வச்சுட்டுப் போடு. நிக்காது."

நிற்கவில்லை. ஒரு மணி நேரம் ஓடியது. பிறகு எரிந்துபோனது.

மத்தியானம் அக்கா மூன்றாவது முறை அடித்தபோது நான் வெளியே வந்து மரத்தடியில் நின்று எடுத்தேன். "தண்ணி நின்னுடுச்சு. பட்டன அமுத்துனா உம்முனு ஒரு சத்தம், அதோட சரி" என்றாள். அப்போதும் என் கணக்கின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. போரில் தண்ணீர் இறங்கியிருக்கும், பம்பில் மண் சிக்கியிருக்கும் என்று என்னென்னவோ சொன்னேன்.

சனிக்கிழமை போனேன். அரியலூரிலிருந்து பெரம்பலூர், அங்கிருந்து இன்னொரு பஸ். மாமா அன்று காலைதான் வந்து சேர்ந்திருந்தார், லுங்கியைக்கூட மாற்றவில்லை. மோட்டார் தூக்குகிற வண்டி வந்து குழாய் குழாயாகக் கழற்றி மோட்டாரை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். மாமா கொட்டகைக்குள் போய் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். வண்டி ஆட்கள், மாமாவின் தம்பி, நான், எல்லோரும் நின்றிருந்தோம்.

"ரிலேய ஏத்தி வச்சது யாரு?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மோட்டாரைப் பார்த்தேன்.

"நாந்தான்" என்றாள்.

"எதுக்கு?"

"காய்ஞ்சு போவுதேன்னு போட்டேன். ரிலே உழுந்துகிட்டே இருந்துச்சு. ஏத்தி வச்சேன்."

"யாரக் கேட்டு ஏத்துன?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். திறக்கவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "நானாத்தான் ஏத்துனேன், தப்புதான்" என்றாள். மாமா கை நீட்டுகிறவர் இல்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னார்: "அறிவு கெட்டவ." அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. எனக்காகத்தான் அவள் பழியை ஏற்றுக்கொள்கிறாள், தம்பியைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை என்று நினைத்தேன். நினைத்து, அசிங்கமாக இருந்தாலும் எழுதுகிறேன், நிம்மதியடைந்தேன்.

மோட்டாரை ஒரு சின்ன வண்டியில் போட்டுக்கொண்டு நானும் மாமாவும் பெரம்பலூரில் ஒரு வைண்டிங் கடைக்குப் போனோம். கடைக்காரர் மோட்டாரைப் பிரித்தார். உள்ளே செம்புக் கம்பிச் சுருள் கரிக்கட்டையாக இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, "லோ வோல்டேஜ்ல ஓட்டியிருக்கீங்க" என்றார்.

"வோல்ட்டு கம்மியா இருந்தா மெதுவாத்தானேங்க ஓடும்? ஏன் எரியுது?" என்று மாமா கேட்டார்.

"அது பல்புக்கும் இஸ்திரிப் பொட்டிக்கும்ங்க. மோட்டாருக்கு அப்படி இல்ல. எரநூறு அடிக்குக் கீழ இருந்து அதே தண்ணியத்தானே தூக்கணும்? வேல கொறையலல்ல? வோல்ட்டு எறங்குனா அந்த வேலைய முடிக்க அது ஆம்ஸ ஜாஸ்தியா இழுக்கும். இழுக்க இழுக்கச் சூடு. காயிலு கருகிடும். அதுக்குத்தான் ரிலேன்னு ஒண்ணு வச்சிருக்கு."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு மனசுக்குள் கணக்குப் போட்டேன். மின்தடை மாறாது என்று வைத்ததுதான் பிழை. சும்மா சூடாகிற கம்பிக்குத்தான் அது சரி. சுற்றுகிற மோட்டாருக்கு மாறாமல் இருப்பது அது செய்ய வேண்டிய வேலை, அதாவது மின்திறன். மூவாயிரத்து அறுநூறை முந்நூற்று இருபதால் வகுத்தால் பதினொன்றேகால். வோல்ட் குறைந்தால் மோட்டார் திணறும், அந்தத் திணறலுக்கும் கொஞ்சம் சேர்த்தால் பன்னிரண்டு. மும்முனைக்கு இன்னும் இரண்டு பெருக்கல்கள் உண்டு, அவற்றைச் சேர்த்தாலும் முடிவு இதேதான். இரண்டு வாய்பாடும் எனக்குத் தெரியும். மோட்டாருக்கு எதைப் போடுவது என்பதுதான் தெரியவில்லை. அக்காவின் மீட்டர் சரி, அக்காவின் கண் சரி, ரிலே சரி. அந்தக் கொட்டகையில் தப்பாக இருந்தது போனில் வந்த என் குரல் ஒன்றுதான்.

மாமா என் பக்கம் திரும்பினார். "என்ன வாத்தியாரே, இவரு சொல்றது சரிதானா?"

"ஆமா மாமா, சரிதான்" என்றேன். எப்போதோ தெரிந்த விஷயம் மாதிரி, தலையை ஆட்டி.

"இவருக்கு எல்லாம் தெரியும்ங்க, பிசிக்ஸ் வாத்தியாரு" என்று மாமா கடைக்காரரிடம் சொன்னார். "இவரு அக்கா இருக்காளே, அவளுக்குத்தான் மண்டையில ஒண்ணுமில்ல. இவருகிட்ட ஒரு போனு போட்டுக் கேட்டிருந்தா மோட்டாரு பொழச்சிருக்கும்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிடுங்கிக்கொள்ளவில்லை. கடைக்காரர் வாங்கிவரச் சொன்ன டீயைக் குடித்தேன்.

மோட்டார் சரியாகி மறுபடி இறங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, கடையில் அவ்வளவு மோட்டார்கள் வரிசையில் கிடந்தன. வெங்காயம் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிட்டது. அது போனால் போகிறது, அடுத்த பட்டத்தில் எடுத்துவிடலாம். போனது வேறு. மோட்டாரை இறக்கிய அன்றைக்கே மாமா அக்காவிடம் சாவியைக் கேட்டு வாங்கித் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டார். "நான் இல்லாதப்ப மோட்டார நீயே போடு, எடு. இவ தொட வேணாம்" என்று சொன்னாராம். அக்காவுக்கு அதற்குப் பிறகு களை எடுப்பதும் வெங்காயம் அறுப்பதும்தான் மிச்சம். எந்தப் பாத்திக்கு என்றைக்குத் தண்ணீர் என்பதை அந்தத் தம்பி சொல்வார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் வெங்காயம் தெரியாதவர்.

இரண்டு வெங்காயமும் இரண்டு மக்காச்சோளமும் அப்படிப் போயின. நான் நல்லது கெட்டதுக்குப் போவேன், வருவேன், அக்கா கறிக்குழம்பு வைப்பாள், சாப்பிடுவேன். மோட்டார் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். அவளிடம் தனியாகக்கூட நான் அதைப் பேசவில்லை. நமக்காகத்தான் பொறுத்துக்கொள்கிறாள், அவளே மறந்திருப்பாள், கிளறுவானேன் என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன்.

பள்ளியில் மட்டும் ஒரு மாறுதல். அந்தப் பாடம் வரும்போது கரண்டு கம்மி கேள்வியை நான் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் விடவில்லை. ஓம் விதியை எழுதிப்போட்ட ஒரு நாள், பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சார், வோல்டேஜ் கம்மியானா கரண்டும் கம்மியாவும்னு போட்டிருக்கீங்க. எங்க வயல்ல வோல்டேஜ் கம்மியானா மோட்டார் சூடாவுதே, அது ஏன் சார்?" கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டாள். அதற்குப் பதில் தெரிந்தவன் அந்த வகுப்பில் நான் ஒருவன்தான். "அது பாடத்துல இல்ல, பரீட்சைக்கு வராது, உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். தான் ஏதோ அசட்டுக் கேள்வி கேட்டுவிட்டது மாதிரி முகத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

போன மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா முந்தின நாள்தான் வந்திருந்தார், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அக்காவைக் காணவில்லை. நிலத்துக்குப் போனேன். பூட்டிய கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். மறுபடியும் காய் பருக்கிற சமயம். தாள்கள் நுனி வாடியிருந்தன.

"ஏங்க்கா இங்க நிக்கிற?"

"கரண்டு வந்து ரெண்டு மணி நேரமாச்சு. கொழுந்தனாரு டயரு மாத்தப் பெரம்பலூரு போயிட்டாரு, சாவி அவருகிட்ட இருக்கு. வந்துடறேன்னாரு."

"மாமாதான் வீட்டுல இருக்காரே, அவர எழுப்பி..."

"அவரு எழுந்தாலும் சாவிக்கு எங்க போவாரு?" என்றாள். பிறகு மெதுவாக, "கேக்க ஒரு மாதிரியா இருக்குடா" என்றாள்.

இத்தனை வருடம் வெங்காயம் விளைவித்தவள், தன் மோட்டாரைப் போடக் கொழுந்தனாருக்காகக் காத்துக்கொண்டு வெளியே நிற்கிறாள். உள்ளே பெட்டியில் நானூறு வோல்ட் வந்து சும்மா கிடக்கிறது. அவளுடைய பயிர் என் கண் முன்னால் வாடுகிறது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. "வா வீட்டுக்கு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வழியில் மனம் மாறிவிடுமோ என்று பயந்து வேகமாக நடந்தேன்.

மாமா எழுந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். "மாமா, அன்னைக்கு ரிலேய ஏத்தச் சொன்னது நான்" என்றேன். வேறு எந்த முன்னுரையும் வரவில்லை.

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்தார். "அக்கா அழுதாளா மாப்ள? அவளுக்காவ நீ பழிய ஏத்துக்கறியா?"

"இல்ல மாமா. நெசமா நாந்தான். போன்ல சொன்னேன்."

"யோவ், நீ பிசிக்ஸ் வாத்தியாரு. உனக்குத் தெரியாதா? கடையில வச்சே ஆமான்னு சொன்னியே."

அவர் நம்பவில்லை. என் படிப்பு என்னை அப்படிக் காப்பாற்றி வைத்திருந்தது. உண்மையைச் சொன்னாலும் அது அக்காவிடம் உள்ள பாசம் என்றுதான் எடுத்துக்கொள்வார்களே தவிர, இவனுக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்குத் தெரியாது என்பதை நானே நிரூபித்துக் காட்ட வேண்டியிருந்தது. காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்து, அன்றைக்கு விடைத்தாளின் பின்னால் போட்ட அதே கணக்கை அவர் முன்னால் உட்கார்ந்து போட்டேன். நானூறு வகுத்தல் ஒன்பது. அதிலிருந்து ஏழு புள்ளி இரண்டு. "இதத்தான் அக்காகிட்டச் சொன்னேன். ஆம்ஸ் கொறையும்னு சொன்னேன். அவ பன்னெண்டு காட்டுதுன்னா. நான் ஸ்பீக்கர்ல போட்டு எல்லாரையும் சிரிக்க வச்சேன். நீ தப்பாப் பாக்குறேன்னு சொன்னேன். ரிலேய ஏத்துன்னேன்." பக்கத்திலேயே சரியான கணக்கையும் போட்டேன். மூவாயிரத்து அறுநூறு வகுத்தல் முந்நூற்று இருபது. பதினொன்றேகால்.

மாமா தாளை வாங்கிப் பார்த்தார். லாரிக்காரருக்குப் புரிய நேரமாகவில்லை. "லோடு அதே லோடுதான். அத நீ விட்டுட்டே" என்றார்.

"ஆமா மாமா."

"கடையில எம்பக்கத்துல நின்னுகிட்டு ஆமாம்னே."

"ஆமா."

"அவள அறிவு கெட்டவன்னேன். கேட்டுகிட்டு நின்னே."

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டார். "சாவியக் கொண்டாந்து அண்ணிகிட்டக் குடு. ஆமா, இனிமே அவகிட்டயே இருக்கட்டும்" என்றார். என்னிடம் வேறு எதுவும் பேசாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அக்கா கதவோரம் நின்றிருந்தாள். இத்தனை நாள் அவள் எனக்காக மறைத்ததை நானே சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்வாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் இரண்டும் இல்லை. ஏதோ புரியாத மாதிரி நின்றாள்.

"அப்ப அன்னைக்கு முள்ளு நெசமாவே பன்னெண்டுலதான் நின்னுச்சா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. "ஆமாக்கா. நீ சரியாத்தான் பாத்திருக்கே. உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ தப்பாப் பாத்திருக்கேன்னு சொன்னியே. நான் தப்பாச் சொல்லப் போயிதான் நீ அப்படிச் சொல்லிட்டேன்னு இருந்தேன். அதான் அவருகிட்ட உன் பேர எடுக்கல. உன் மேல என்ன தப்பு?"

அவள் எனக்காக எதையும் மறைக்கவில்லை. அறிவு கெட்டவள் என்று அவர் சொன்னதை அவளும் நம்பியிருக்கிறாள். சாவியை அவர் கேட்டபோது நியாயம் என்று நினைத்துத்தான் கழற்றிக் கொடுத்திருக்கிறாள்.

"பள்ளிக்கூடத்துல கண்ணு கேம்ப் போட்டாங்கடா, போன வருசம்" என்றாள். "போயி வரிசையில நின்னு காட்டினேன். மீட்டரு முள்ளு மாறித் தெரியுதுன்னு சொன்னேன். அந்த டாக்டரம்மா லைட்டெல்லாம் அடிச்சுப் பாத்துட்டு, ஒண்ணுமில்லம்மா, கண்ணு நல்லாயிருக்குன்னுச்சு. நான் நம்பல. தம்பி படிச்சவன், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வந்துட்டேன்."